ஒன்பதால் வகுபடாத விண்ணப்ப எண்

இன்று காலை பத்தரைக்கு லண்டன் குரோய்டனில் அப்பாவுக்கு விசா நேர்முகம் இருந்தது. பத்து இருபதுக்கு வரவேற்பு மேசையில் இருந்த பெண், அவருடைய விண்ணப்ப எண் கணினியில் இல்லை என்றார். எண் சரியில்லாமல் உள்ளே விடமாட்டார்களாம்.

எண் இருந்த கடிதம் நகரின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா அதைப் பார்த்து எழுதிய துண்டுத்தாளைத்தான் அந்தப் பெண்ணிடம் கொடுத்திருந்தோம்.

“வடிவாப் பாத்துத்தான் எழுதினனான்,” என்றார் அப்பா.

பெரிய எண்ணைக் கண்டால் நான் சும்மா விடமாட்டேன், தெரியும்தானே. கடிதம் வந்த அன்றே பார்த்துவிட்டேன்: எட்டு இலக்கம், ஒற்றை எண், முதன்மை எண் அல்ல, ஒன்பதால் மீதியின்றி வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 36. எண் மறந்தாலும் அது மறக்கவில்லை.

துண்டுத்தாளில் இருந்ததைக் கூட்டினேன். 42 வந்தது.

ஒன்று ஏழானால் ஆறு கூடும். தாளில் ஒரே ஒரு ஏழுதான் இருந்தது.

“அப்பா, இது ஏழா?”

“அது ஒண்டெல்லோ பிள்ளை. ஆர் ஏழெண்டது?”

“உங்கட ஒண்டுக்கு மூக்கு நீளம், அப்பா.”

அந்தப் பெண் திருத்தித் தட்டினார். திரையில் அப்பாவின் பெயர் வந்தது.

அவர் உள்ளே போய் ஐம்பது நிமிடமாகிறது. எண் சரி, முடிவு இன்னும் தெரியாது. அவர் வெளியே வரும்வரை சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் ஒன்றுக்கு மூக்கு வைப்பவர் யார்?