மல்லியப்பு சந்தியில் கிருஷாந்தி

தீபாவளிக்கு முந்தின கிழமை ஒரு நாள் பேச்சியம்மா கொழுந்து பறிக்கப் போகவில்லை. விடியும்போதே ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். கினிகத்தேனையில் பொலிஸ் வேலை பார்த்த தங்கை கிருஷாந்தியை ஹட்டனுக்கு மாற்றியிருந்தார்கள். மல்லியப்பு சந்தியில் நின்று வாகனங்களுக்கு வழி விடுகிற வேலை.

அந்தச் சந்தியைத் தெரியாதவர்கள் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. சம்பளத்தைக் கூட்டச் சொல்லி எத்தனையோ முறை சனம் திரண்டு உட்கார்ந்த இடம். அவர்களுடைய அப்பா பொன்னையா கொடி பிடித்துக் கத்தி, தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பியதும் அங்கிருந்துதான். அவருடைய மகள் காக்கிச் சட்டைக்கு விண்ணப்பம் போட்டபோது லய வீடுகளில் பலருக்குப் பிடிக்கவில்லை. பேச்சியம்மாவோ நேர்முகத்துக்குப் போகிற உடுப்பை மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தாள். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன நாட்களில் அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிப்போய்ப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடியவள் அவள். எட்டாம் வகுப்போடு அவள் கூடை எடுத்தாள், தங்கை படித்தாள்.

பக்கத்து வீட்டு ஜோசப்பினும் துணி வாங்கக் கூடவே வந்திருந்தாள்.

"காக்கி போட்ட பொறகு அக்கான்னு கூப்புடுறாளான்னு இன்னைக்குப் பாத்துருவோம்," என்றாள் பஸ்ஸில்.

"ஒன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தாறேன் இரு."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பேச்சு அவளைக் குத்தியது. கொஞ்ச காலமாகத் தங்கையின் போன் குறைந்திருந்தது.

சந்தியில் சனம் நெரிந்தது. நடுவில் வெள்ளைக் கையுறையோடு கிருஷாந்தி நின்றாள். ஒரு கையை நீட்டினால் டிக்கோயாப் பக்கத்து லொறிகள் நின்றன. மறு கையை அசைத்தால் பஸ்கள் நகர்ந்தன. பேச்சியம்மாவுக்குக் கண் நிறைந்தது.

மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கிறவள் நிரையை விட்டு வெளியே வரமாட்டாள். தேத்தண்ணி கொண்டுபோகிறவள்தான் உள்ளே நுழைந்து கொடுக்க வேண்டும். பேச்சியம்மாவுக்குத் தெரிந்த முறை அதுதான். சேலையைச் செருகிக்கொண்டு, பிளாஸ்க்கைப் பிடித்தபடி, நேரே வீதியின் நடுவுக்கு நடந்தாள்.

விசில் வீறிட்டது. ஒரு பஸ் முனகிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றது.

"அம்மே, அயின் வென்ன!" கிருஷாந்தி சிங்களத்தில் அதட்டினாள். ஓரமாகப் போகச் சொல்லிக் கையை வீசினாள். அக்காவைத் தெரிந்த அடையாளமே முகத்தில் இல்லை.

பேச்சியம்மா எப்படி ஓரத்துக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் சொன்னேன்ல? கூடப் பொறந்தவளையே சிங்களத்துல வெரட்டுறா," என்றாள் ஜோசப்பின்.

பேச்சியம்மா ஒரு கடை வாசலில் பிளாஸ்க்கை மடியில் வைத்து உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. பிளாஸ்க்கில் தேத்தண்ணி அப்படியே இருந்தது.

வெகுநேரம் கழித்து வேறொரு பொலிஸ்காரர் வந்து இடத்தை மாற்றிக்கொண்டார். கிருஷாந்தி வீதியைக் கடந்து நேரே அவர்களிடம் வந்தாள். பேச்சியம்மா பதறி எழுந்தாள்.

"தப்பா வந்துட்டேங்க மேடம். நாங்க போயிட்டு வாறோம்."

"என்னாக்கா மேடம்?" என்றாள் கிருஷாந்தி. "பஸ்ஸு ஒன் காலுக்கிட்ட வந்து நின்னுச்சு. எனக்கு உசுரே இல்ல. ஒன்னை அக்கான்னு கூப்புட்டிருந்தேன்னா கைய எறக்கியிருப்பேன். எறக்குனா அந்தப் பக்கத்து லொறி வந்துரும்."

அவள் கையுறையைக் கழற்றினாள். பஸ்ஸையும் லொறியையும் நிறுத்திய அந்தக் கையைப் பேச்சியம்மா இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"கை ஜில்லுன்னு இருக்கே. காலையில ஒண்ணும் திங்கலியா?"

"எங்க நேரம்? வந்ததிலேருந்து இப்புடித்தான். ரூமுக்குப் போனா போனக் கையில வச்சுக்கிட்டே தூங்கிருறேன்."

ஜோசப்பின் ரொட்டிப் பார்சலைப் பிரித்து நீட்டினாள்.

அந்த வழியாக வந்த பொலிஸ் சார்ஜன், வீதிக்குள் நுழைந்த பேச்சியம்மாவை அடையாளம் கண்டு நின்றார். யார் இது என்று சிங்களத்தில் கேட்டார். கிருஷாந்தி நிமிர்ந்தாள். அக்காவின் கையை விடவில்லை.

"மகே அக்கா, சேர்," என்றாள், கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. தன் அக்கா என்றதோடு, தன்னைத் தூக்கி வளர்த்தவள் என்பதையும் சிங்களத்திலேயே சேர்த்துச் சொன்னாள்.

அந்த அளவு சிங்களம் பேச்சியம்மாவுக்குப் புரியும். அவசரமாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சார்ஜனுக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள்.