பூசை வைக்காத கிளேத்துஸ் பிரதர்

இன்று கடலோர நகரமான மவுமேரேயின் சந்தையில் எதிர்ப்பட்டவர் யார் தெரியுமா? கிளேத்துஸ் பிரதர்! ஒரு தோளில் அரிசிச் சாக்கு, கையில் சாக்பீஸ் பெட்டி. மலைமேல் மூன்று பள்ளிக்கூடங்களை நடத்தும் ஆசிரியத் துறவிகளின் சபையைத் தொடங்கிய மனிதர், மீன்காரியிடம் பேரம் பேசித் தோற்றுக்கொண்டிருந்தார். அவர் கதையை உடனே எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிளேத்துஸ் பிறந்த மலையூருக்கு வாத்தியார்கள் வருவார்கள். மழை பிடித்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு நகரத்துக்கு இறங்கிவிடுவார்கள். மாதா கோயில் சாமியாரும் தங்குவதில்லை. பல ஊர்களுக்கு ஒரே ஆள். எப்போதாவது வந்து பூசை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைப்பார். சாமியாராவதற்காகக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த கிளேத்துஸுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. குருப்பட்டம் வாங்கிச் சாமியாரானால் தானும் அப்படித்தான் ஓடவேண்டும். பள்ளிக்கூடமோ தினமும் திறந்தாக வேண்டிய இடம். சாமியார்களுக்கெல்லாம் தலைவரான ஆயரிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார், கூடப் படித்த இரண்டு பேரோடு. அவர்கள் போட்டுக்கொண்ட முதல் விதி: நம்மில் யாரும் குருவாகக் கூடாது.

பள்ளிக்கு இடம் தருவதாகச் சொன்னவர் தாய்மாமன் கோபாங். ரோட்டோரச் சோளக்கொல்லை. அதை விட்டால் அந்தச் சரிவில் சமதரையே கிடையாது.

மூவரும் மவுமேரேயில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு, மறுநாள் வெள்ளை அங்கியோடு லாரியில் ஊருக்கு வந்தார்கள். கடைசி வளைவில் திரும்பியதும் தென்னங்குருத்துத் தோரணம். மத்தளம், சேகண்டி. பந்தலில் பன்றிக்கறி வேகும் வாசனை. அம்மா மார்த்தினா, தன் கையால் நெய்த பூசை உடுப்பை ஏந்திக்கொண்டு நின்றாள். வெள்ளை அங்கி போட்ட ஆண் என்றால் அந்த ஊருக்குச் சாமியார்தான். வேறு வகை ஒன்றை யாரும் கண்டதில்லை. புதுக்குருவின் முதல் ஆசீருக்காக ஊரே மண்ணில் முழந்தாளிட்டிருந்தது.

"அம்மா, நான் சாமியார் இல்லம்மா. பிரதர். என்னால பூசை வைக்க முடியாது."

"வெக்கப்படாதடா. போகப் போகப் பழகிரும்."

"குருப்பட்டமே வாங்கலம்மா. புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றதுதான் என் வேல."

கோபாங் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"வாத்தியாருக்காடா இத்தன பன்னி வெட்டினோம்? ஒரு கோழி போதுமே!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கோபாங்குக்குச் சிரிப்பு வரவில்லை.

"சாமியார் மருமகனுக்குத்தான் கொல்லையத் தரேன்னு சொன்னேன். மழ புடிச்சா ஓடிப்போற வாத்தியாருக்கு இல்ல."

கையைத் தூக்கி ஒரு சிலுவை போட்டால் போதும், கொல்லை கிடைத்துவிடும். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. நண்பர்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிளேத்துஸ் கையைத் தூக்கவில்லை. மாமன் முன்னால் முழந்தாளிட்டார். அந்த மலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிற எவருக்கும் பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அனுப்புவார்கள்.

"மாமா, ஆசீர் குடுக்க எனக்கு அதிகாரமில்ல. நீங்கதான் எனக்குக் குடுக்கணும். நான் எங்கயும் ஓடமாட்டேன். சாகிற வரைக்கும் இங்கதான்."

"சாகிற வரைக்குமா?"

"ஆமா."

"கல்யாணமும் கிடையாதா?"

"கிடையாது மாமா."

கோபாங் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "சாமியாருக்குள்ள கஷ்டம் பூரா இருக்கு, சாமியாருக்குள்ள மரியாத மட்டும் இல்ல. தேடிப் புடிச்சிருக்கான் பாருங்கய்யா ஒரு வேல!"

இப்போது ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், கறி அறுத்த பிசுக்கு போகாத கட்டைவிரல் மருமகனின் நெற்றியில் சிலுவை போட்டது.

"எந்திரி, கறி ஆறுது. கொல்லைல சோளம் நிக்குது. அறுத்தப்புறம் எடுத்துக்க."

மார்த்தினாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த உடுப்பை மோட்டார் சைக்கிள் சாமியாருக்கே கொடுத்தாள். கொடுக்கும்போது மகனை ஏறிட்டும் பார்க்கவில்லை. பிறகு கொல்லையில் கூரை எழுந்தது. மழைக்காலம் வந்தது. காலை மணி அடித்தது. அடுத்த மழைக்கும் அடித்தது.

இன்று சபையில் பலர் இருக்கிறார்கள். ஆனால் மூன்றாவது பள்ளியில் கணக்குச் சொல்லித்தர ஆளில்லையாம். மவுமேரே பக்கம் வந்தால் மலையேறிப் போய் ஒரு வகுப்பாவது எடுத்துவிட்டு வாருங்கள். போக முடியாதவர்கள், கணக்கு தெரிந்த ஒருவருக்காவது இதை அனுப்பிவையுங்கள், ப்ளீஸ்!