தேவதூதன் இறக்கை கட்டிய பாட்டில்

ஏர்பேட்டில் நான் வேலை பார்க்கும் நெல் கிடங்கில், என் மேசைமேல் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. மூடி இல்லை. வாயில் வெள்ளை வலைத்துணியைப் போர்த்தி ரப்பர் பேண்டு மாட்டியிருக்கிறேன். உள்ளே ஒரு பிடி நெல். வருகிறவர்கள் விதைநெல்லா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அந்த வலைத்துணி ஒரு தேவதூதனின் இறக்கையிலிருந்து வெட்டியது என்பதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இங்கே வருவதற்கு முன், படிப்பு முடிந்த கையோடு திருப்பதியில் ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சித்தூரில் பழைய மிஷன் வளாகம் ஒன்றிலிருந்த பெண்கள் விடுதி என் பொறுப்பில் வந்தது. அங்கே பிள்ளைகளுக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல். பெற்றோர் சிலர் வந்து பிள்ளைகளைப் பெட்டியோடு அழைத்துப் போய்விட்டார்கள். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாத ஊர். குளிக்கவும் துவைக்கவும் சுவரோரம் வரிசையாக டிரம்களில் பிடித்து வைத்திருந்தார்கள், அவற்றில்தான் கொசுப்புழு. கொட்டிவிடுங்கள் என்று சொல்வது சுலபம். கொட்டினால் மறுநாள் எதில் குளிப்பது?

நான் கொண்டுபோனது வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து. சாம்பல் நிறக் குருணை, டிரம்மின் அடியில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அது புழுவை உடனே கொல்லாது. புழு நீந்தும், தின்னும், கூட்டுப்புழுவாகக்கூட மாறும். ஆனால் கூட்டை விட்டுக் கொசுவாக வெளியே வராது. விஷயம் அவ்வளவுதான், ஆனால் அதை நம்பவைப்பது பெரும்பாடு. மருந்தென்றால் புகை வரவேண்டும், நாற்றம் வரவேண்டும், செத்தது கண்ணில் படவேண்டும். விடுதியை நடத்தும் சபைக் கமிட்டியின் செயலர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, மருந்து போட்டப்புறமும் டான்ஸ் ஆடிக்கினு கீது! இது மருந்தா, இதுங்களுக்கு டிபனா?” என்றார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வார்டனம்மா சிரிக்கவில்லை. குட்டையான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. “அப்போ இதுங்க பெரிசாகவே ஆகாதா?” என்று கேட்டார். ஆகாது என்றேன். “சரே, போடும்மா. பார்க்கலாம்” என்றார். அந்த ‘பார்க்கலாம்’ சந்தேகம் இல்லை, நிஜமாகவே பார்ப்பேன் என்ற அர்த்தம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சில வாரம் கழித்துக் கொசு திரும்பி வந்தது. இன்னும் இரண்டு பிள்ளைகள் படுத்தார்கள். செயலர் எங்கள் அலுவலகத்துக்கே போன் செய்துவிட்டார். மேலாளர் கோபப்படவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது, நீயே போய்ப் பதில் சொல், சரியில்லையென்றால் உன் வேலையைப் பற்றியும் யோசிக்கவேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். என் மனம் எப்போதும் வரிசைப்படுத்தித்தான் யோசிக்கும். அளவு குறைந்ததா, சரக்கு பழையதா, பார்க்காத தொட்டி எங்காவது இருக்கிறதா, பக்கத்து வீட்டிலிருந்து பறந்து வருகிறதா. ஒவ்வொன்றையும் சோதித்து அடித்துக்கொண்டே வந்தேன். எதுவும் மிஞ்சவில்லை.

மிஞ்சியிருந்த ஒன்று என் வரிசையில் ஏறவே இல்லை. நான் எப்போதும் வாரநாளில் போகிறவள். கூட்டத்துக்கு முன்தினம், சனிக்கிழமை, தண்ணீர் மாதிரி எடுக்கப் போனேன். முற்றம் முழுக்கப் பிள்ளைகள் தேங்காய் நாரோடு குனிந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்த விடுதியில் தேய்க்காத பாத்திரம் இருக்காது. தண்ணீரை வீணாக்காமல் ஒரு டிரம்மிலிருந்து இன்னொன்றுக்கு முகந்து ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் கழுவிக் கொட்டினார்கள். புழுக்கள் பத்திரமாக அடுத்த டிரம்முக்குப் போயின. சாக்கடை ஓரத்தில், வெயிலில், சாம்பல் நிறக் குருணை மணல்போலக் கிடந்தது.

வார்டனம்மா என் முகத்தைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். “மண்ணுன்னு நெனச்சிட்டேனே” என்றார், மெதுவாக. திருப்பதி பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என் வேலை தப்பும். ஆனால் பிள்ளைகளின் காய்ச்சல் அவர் தலையில் விழும். ஏற்கெனவே அவரை மாற்றவேண்டும் என்று ஒரு பேச்சு கமிட்டியில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கமிட்டி முன்னால் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் சாவிக்கொத்து சத்தம் கேட்டது. “ஐயா, அந்தப் பொண்ணைக் கேக்காதீங்க. அது போட்ட மருந்தை வாராவாரம் கழுவி ஊத்தினது நாங்க. கழுவச் சொன்னது நான். அது மேல தப்பு இல்லை” என்றார் வார்டனம்மா. செயலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்போ இந்த மருந்து கேக்கும்னு நீங்க ஜாமீனா?” என்றார். “ஜாமீன் எல்லாம் வேணாம். எல்லாரும் பாக்கற மாதிரி வெச்சிடலாம்” என்றார் வார்டனம்மா.

அன்றைக்கே சமையலறையிலிருந்து இரண்டு ஊறுகாய் பாட்டில்கள் வந்தன. இரண்டிலும் அதே புழுக்கள், ஒன்றில் மட்டும் மருந்து. வாயில் கட்ட வலை கேட்டேன். கிறிஸ்துமஸ் நாடகப் பெட்டியைத் திறந்து, தேவதூதனுடைய இறக்கையிலிருந்து ஒரு துண்டை வார்டனம்மா கத்தரித்தார். “ஐயோ, கபிரியேலு எப்படிப் பறப்பான்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். “இந்த வருஷம் நடந்தே வரட்டும்” என்றார்.

பாட்டில்கள் சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலில் இருந்தன. தட்டோடு வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் உட்காருவார்கள். ஒரு வலைக்குள் கொசுக்கள் மொய்த்தன. மற்றதில் கூட்டுப்புழுக்கள் கறுத்து மிதந்தன, ஒன்றுகூடப் பறக்கவில்லை. டிரம்முக்குப் புது மருந்தைச் சிறு துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டேன். சனிக்கிழமை எடுத்து வைத்துவிட்டுத் தேய்ப்பார்கள், பிறகு திரும்ப மாட்டுவார்கள். காய்ச்சல் அடங்கியது. பெட்டியோடு போன பிள்ளைகள் பெட்டியோடு திரும்பினார்கள். வார்டனம்மாவை யாரும் மாற்றவில்லை. ஆனால் அன்று கூட்டத்தில் எழுந்து நின்றபோது அது அவருக்குத் தெரியாது. அதைத்தான் நான் மறப்பதில்லை.

இப்போது நெல்லுக்கும் அதே வகை மருந்துதான். புழு வண்டாக மாறாது. வியாபாரிகளும் அதே கேள்விதான் கேட்கிறார்கள்: “செத்தது ஒண்ணும் காணோமே மேடம்?” விடுதியிலிருந்து வாங்கிவந்த பாட்டிலை நான் அவர்கள் பக்கம் நகர்த்துகிறேன்; மருந்து கலந்த அந்த நெல்லில் புழு உண்டு, வண்டு ஒன்றுகூட இல்லை.

வார்டனம்மா ஓய்வுபெற்றுக் குடுபல்லியில் தங்கை வீட்டில் இருக்கிறார். போன வாரம் போன் செய்தபோது, “அந்த றெக்கை இன்னும் கீதா?” என்று கேட்டார். இருக்கிறது, தவிட்டுத் தூசியில் பழுப்பாகிவிட்டது என்றேன். பிறகு சிரித்துக்கொண்டே, “தொவச்சிடப் போற, அப்பிடியே வுடு” என்றார்.

துவைக்கவில்லை.