நீக்குவதற்கு முன் கேட்பது

என் தம்பி மௌத்தான அன்று, ஜனாஸாவைக் குளிப்பாட்ட எடுத்த கையோடு, குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மர்ஹூமின் படங்கள் யாரிடமாவது இருந்தால் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று. எங்கள் பக்கத்தில் இது வழமை. இறந்தவரின் முகம் ஊரெல்லாம் போனிலே சுற்றித் திரிவது அவருக்கு நல்லதல்ல என்று நினைக்கிறோம். நானும் அழித்தேன். அதில் குறை கண்டுபிடிக்க நான் இதை எழுதவில்லை.

ஆனால் அவன் மனைவியின் போனில் இருந்தவற்றை அவள் அழிக்கவில்லை. அவள் மயங்கிக் கிடந்த நேரத்தில் அவளுடைய வாப்பா அந்தப் போனை எடுத்து, கல்யாணப் படம் தொடங்கி வாட்ஸ்அப் வரைக்கும் ஒன்றும் மிச்சமில்லாமல் துடைத்துவிட்டார். நல்ல மனிதர். மகள் பார்த்துப் பார்த்து அழுது நோயில் விழுந்துவிடுவாள், வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவருக்கு. கெட்டவன் செய்திருந்தால் வாய் நிறைய ஏசலாம். நல்லவர் செய்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவள் அப்போது தலைப்பிள்ளைத்தாய்ச்சி. கணவனை இழந்தவள் இருக்கிற இத்தா, பிள்ளை பிறக்கும் வரைக்கும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் அசர் தொழுகைக்கு முன் அவளிடம் போய் இருப்பேன். எங்கள் ஊர்களில் ஆண்தான் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வான். அதனால் தம்பியின் சாமான் என்று எங்கள் வீட்டிலும் ஒன்றும் இல்லை. அவன் இருந்த வீடு அவளுடையது, அவன் உடுத்த சாரங்களையும் யாரோ ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒருநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மதினி, அவர்ட குரல் உங்கட போன்ல எங்கயாவது இரிக்கா? புள்ளைக்குக் காட்டுறத்துக்கு வாப்பாட மூஞ்சி இல்ல. குரலாவது வேணும் மதினி."

"அழாதகா. பாப்பம்" என்றேன். என் போனில் எங்கே இருக்கப்போகிறது? அவன் குரல் செய்தி அனுப்புகிற ஆள் இல்லை. மிஸ்கோல் அடிப்பான், நான் திருப்பி எடுக்கவேண்டும். காசு எனக்குத்தான் போகும். அதற்காக எத்தனை தரம் அவனை ஏசியிருப்பேன், அல்லாஹ்வே!

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அந்த இணைய நூலகம் நினைவுக்கு வந்தது.

தம்பி மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களுக்கு வட்டை விதானையாக இருந்தவன். வாய்க்கால் தண்ணீரை இன்னாருக்கு இவ்வளவு, இன்ன நேரம் என்று பங்கிட்டுக் கொடுப்பது அவன் வேலை. அங்கே வயல் செய்கிற காரைதீவு விரிவுரையாளர் ஒருவர் அவனுக்குக் கூட்டாளி. உலகத்தில் யாரும் தாங்கள் எடுத்த படத்தையும் ஒலியையும் வீடியோவையும் இலவசமாகப் போட்டு வைக்கிற, யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கிற ஒரு பொது நூலகம் இணையத்தில் இருக்கிறது. எத்தனையோ மொழிக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. அதற்குள் என் தம்பியை இழுத்து விட்டவர் அவர்தான். தம்பிக்கு இங்கிலீஷ் தகராறு, ஆகவே விளக்கம் எழுதித் தர நானும் போய்ச் சேர்ந்தேன். மதகு திறக்கிற சத்தம், கொக்குக் கூட்டம், அறுவடை மெஷின், விவசாயிகளின் கதை என்று அவன் போனில் பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தான். "இது யாருக்குடா வேணும்?" என்று கேட்பேன். "கிடக்கட்டும் ராத்தா, நெல்லுத் தின்னுதா?" என்பான்.

கணினியைத் திறந்து அவன் பெயரில் உள்ள பக்கத்துக்குப் போனேன். தமிழில் தேடினால் அந்த நூலகத்தில் ஒன்றும் அகப்படாது, பக்கத்துக்கே போகவேண்டும். போனேன். கொக்கு இருந்தது. மதகு இருந்தது. மனிதர் கதைக்கிற ஒலிகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்புக் கோடு. நீக்கப்பட்டுவிட்டது.

மேலே அவனுக்கு ஒரு அறிவித்தல், இங்கிலீஷில். இந்த ஒலிகள் தனிப்பட்ட உரையாடல் போல் இருக்கின்றன, என்ன பயன் என்று விளங்கவில்லை, பதிவேற்றியவர் குறித்த காலத்துக்குள் வந்து காரணம் சொல்லாவிட்டால் நீக்கப்படும். அறிவித்தல் போட்ட திகதியைப் பார்த்தேன். நாங்கள் கத்தம் ஓதி முடிக்கவில்லை, அவன் கபுறு மண் காயவில்லை. கடைசியாக அவன் போட்டவற்றுக்கு நான் இங்கிலீஷ் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அவனே தமிழில் ஒரு வரி எழுதி விட்டிருந்தான். பார்த்தவருக்குத் தமிழ் தெரியாது. கேட்டிருப்பார், நாலு ஆண்கள் வெட்டவெளியில் நின்று சத்தம் போடுகிறார்கள், அவ்வளவுதான். மௌத்தானவனுக்கு விளங்காத பாஷையில் கடிதம் எழுதி, பதில் வரவில்லை என்று தீர்ப்புச் சொல்கிற ஊர் எங்காவது உண்டா? அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

அடுத்த நாள் காரைதீவுக்குப் போனேன். விரிவுரையாளர் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், அங்க நீக்கினதெண்டா முழுசா அழிஞ்சு போறதில்ல. பொறுப்பில இருக்கிறவங்களுக்குத் தெரியும். திருப்பிப் போடச் சொல்லிக் கேப்பம். ஆனா அதில என்ன கதைக்கிறாங்க, என்ன பிரயோசனம் எண்டு நீங்கதான் எழுதிக் குடுக்க வேணும்."

"எழுதுறன். ஆனா இது எங்கட ஒருத்தருக்கு மட்டும் நடந்த காரியமில்ல. நாளைக்கு ஆருக்கும் நடக்கும்."

அது நூலகத்தில் என்னென்ன வசதிகளை முதலில் திருத்துவது என்று எல்லா மொழிக்காரரிடமும் கேட்கிற காலம். ஒவ்வொரு குழுவும் தன் கோரிக்கைகளை முக்கியத்தின்படி வரிசைப்படுத்தி அனுப்பவேண்டும், பிறகு எல்லாரும் வாக்களிப்பார்கள். எங்கள் தமிழ்க் குழு சின்னது. அட்டாளைச்சேனையில் இருந்து இரண்டு பேர், கல்முனையில் இருந்து நான், காரைதீவில் இவர். ஒரே தடவையில் நிறையப் படம் ஏற்றுகிற வசதிதான் முதலில் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அடுத்தது தமிழில் தேடுவது. மூன்றாவது, இணைப்புக் குறைந்த இடத்திலும் வீடியோ ஓடுவது. ஒன்றும் பிழையான கோரிக்கை இல்லை.

நான் கேட்டது வேறு. ஒன்றை நீக்குவதென்றால், போட்டவருடைய மொழியில் முதலில் அவருக்குச் சொல்லவேண்டும். அவர் பதில் சொல்லாவிட்டால் அந்த மொழி தெரிந்த இன்னொருவரைக் கேட்கவேண்டும். அதுவரைக்கும் கை வைக்கக் கூடாது. இதை முதலாவதாகப் போடுங்கள் என்றேன்.

விரிவுரையாளர் தாடையைத் தடவினார். "டீச்சர், அங்க ஒவ்வொரு நாளும் வந்து விழுற குப்பை உங்களுக்குத் தெரியாது. களவெடுத்த படம், கடை விளம்பரம், கண்ட கண்ட அசிங்கம். எல்லாத்துக்கும் ஆள் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தா ஒண்டையும் கூட்டித் தள்ள ஏலாது. அதுகளச் செய்யிறவங்களும் நம்மளப் போல சும்மா வந்து உழைக்கிறவங்கதான்."

"கூட்டட்டும், நான் வேணாமெண்டு செல்லல்ல. ஆனா வீட்டுக்காரன்ட பாஷை தெரியாதவன் உள்ளுக்குப் பூந்து கூட்டினா, எது குப்பை, எது நெல்லு எண்டு எப்பிடி அவனுக்குத் தெரியும்?"

அவர் சிரிக்கவில்லை. "சரி, உங்கடதையே மேல போடுவம்" என்றார். அட்டாளைச்சேனைக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். எனக்காகத்தான் ஒத்துக்கொண்டார்கள் என்று தெரியும். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தவளைப் பார்த்தாவது அவர்களுக்குத் தெரிந்ததே, அல்ஹம்துலில்லாஹ்.

கோரிக்கை போனது. வாக்களிப்பு நடந்துகொண்டிருந்தது. அதற்கிடையில், எங்கேயோ கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு பொறுப்பாளர் மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். சில ஒலிகளைக் கொஞ்ச நாளைக்குத் திறந்து விடுகிறேன், என்ன பேசுகிறார்கள் என்று எழுதித் தாருங்கள் என்றார். ஏசுவதற்கு வைத்திருந்த சொற்களை எல்லாம் நான் விழுங்கவேண்டி வந்தது.

ஒரு சனிக்கிழமை, சோறு ஆக்கி இறக்கிவிட்டு, கேட்கத் தொடங்கினேன். முதலில் காற்று. பிறகு யாரோ இருவர் சண்டை. மேல் வயல்காரர் தண்ணீரை விடமாட்டேன் என்கிறார், கீழ் வயல்காரர் பயிர் கருகுகிறது என்கிறார். அதற்குள் என் தம்பி, மேல் வயல்காரரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டபடி.

"காக்கா, உங்களுக்குப் பாய்ஞ்சது போதும். வக்கடையக் கட்டுங்க. கீழ இரிக்கிறவரும் புள்ளகுட்டிக்காரர்தானே? இந்தா, நானே இறங்கிக் கட்டுறன்."

சளக்கென்று சேற்றில் கால் வைக்கிற சத்தம். யாரோ ஏதோ சொல்ல, அவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் மேசையில் தலையை வைத்து, குழந்தைப்பிள்ளை போல அழுதேன். சோறு ஆறிப் போனது. பிறகு எழுந்து ஒழு எடுத்து, லுஹர் தொழுதுவிட்டு வந்து இருந்து ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் எழுதினேன். வக்கடை என்றால் வரம்பில் தண்ணீர் போக வெட்டுகிற வாய் என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் தண்ணீர்ச் சண்டை எப்படித் தீர்கிறது என்பதற்கு இது சாட்சி என்று எழுதினேன். சிரிப்புக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

கேட்டவை எல்லாம் திரும்பி வரவில்லை. சிலவற்றில் மற்றவர்களின் வீட்டு விசயங்கள் இருந்தன, அவற்றை விட்டுவிடச் சொன்னார்கள், அது நியாயம்தான். இந்தத் தண்ணீர்ச் சண்டை ஒலி திரும்பி வந்தது.

போனை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள், மாதம் நிறைந்து மூச்சு வாங்கியது. போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நானே இறங்கிக் கட்டுறன்" என்ற இடத்தில் வாசலில் நிழல் விழுந்தது. அவளுடைய வாப்பா. தொழுகைக்குப் புறப்பட்டவர் அப்படியே நின்றுவிட்டார். முடியும் வரைக்கும் நின்றார். அவருடைய தாடி நனைந்திருந்தது.

"போதும் புள்ள" என்றார். "இதக் கேக்காத. மனம் தாங்காது. போன்ல வெச்சிராத." சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் சொன்னேன், "நீ பயப்பிடாத. நான் என்ட போன்லயும் வெச்சிரிக்கன், உனக்கும் அனுப்பிர்றன்."

அவள் தலையை அசைத்தாள். "வேணாம் மதினி. வீட்டுல இரிந்தா ஆரோ ஒராள் பாசத்துலயே அழிச்சிருவாங்க. இப்ப அழிச்சது போல. போன் மாறும், ஆக்கள் மாறும். அது அங்கயே இரிக்கட்டும். என்ட புள்ள பெரிசாகித் தேடுற நேரம் எடுத்துக்கும்."

பிறகு கேட்டாள்.

"அங்க அழிக்கிறதெண்டா நம்மளக் கேட்டுப்போட்டுத்தானே அழிப்பாங்க, மதினி?"

வாக்களிப்பின் முடிவு அன்று காலையில்தான் வந்திருந்தது. ஒரே தடவையில் நிறையப் படம் ஏற்றுகிற வசதி முதலாவதாக வந்திருந்தது. எங்கள் கோரிக்கை தேர்வானவற்றில் இல்லை.

"ஓம் புள்ள" என்றேன். "கேப்பாங்க."