கேத்தில் போகும் வீடு

நோர்வேயில், குரோருட் பள்ளத்தாக்கில், எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் இருக்கும் நோர்வேஜியப் பெண்மணிக்கு ஒரு பழக்கம். குப்பை போடப் போகிறவர்களைக்கூட வழியில் நிறுத்தி, "நீ நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது தெரியுமா?" என்று கேட்பார். இப்போது கார் நிறுத்தும் இடம் ஒரு பண்ணையின் மாட்டுத் தொழுவமாம். துணி துவைக்கும் அறை இருக்கும் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டமாம். சுரங்க ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஒரே தண்டவாளத்தில் போய் வந்த அலுப்போ என்னவோ, ஓய்வுக்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கின் பழங்காலத்துக்குள் இறங்கிவிட்டார். வட்டாரத்து வரலாற்றுக் குழுவை நடத்துவதும் அவர்தான்.

அந்தக் குழுவுக்கு நான் சண்டை பிடிக்கத்தான் போனேன். அவர்கள் எழுதியிருந்த சிறு புத்தகத்தில் தொடர்மாடிகள் கட்டி முடிந்ததோடு வரலாறும் முடிந்திருந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே பிள்ளை குட்டி வளர்த்து, முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது. எங்களைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று கேட்டேன். மற்றவர்கள் தங்கள் கோப்பைகளுக்குள் பார்த்தார்கள். மேல்தளத்துக்காரர் மட்டும் என்னை நேராகப் பார்த்து, "நியாயம்தான். அடுத்த கூட்டத்துக்கு வா. கொஞ்சம் முந்தி வந்தால் கதிரை அடுக்க உதவியாக இருக்கும்" என்றார். அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அந்த இலையுதிர்காலத்தில் குழு எடுத்துக்கொண்ட விஷயம், இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அமெரிக்கப் புல்வெளிக்குப் போய்க் குடியேறிய ஏழைகளின் கதை. எனக்கு அதில் அக்கறை இருக்கவில்லை. அவர்கள் அங்கே போய் ஊர்வாரியாகச் சங்கம் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு ஒரு சங்கம், அடுத்த பள்ளத்தாக்குக்கு இன்னொன்று. வருடம் ஒருமுறை கூடி ஊர்ச் சாப்பாடு சாப்பிடுவார்களாம். தலைவர் பதவிக்கு அடிபட்டு இரண்டாய்ப் பிரிந்த சங்கங்கள் உண்டா என்று கேட்டேன். நிறைய உண்டு என்றார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"அவையும் எங்கடை ஆக்கள்தான் போலை கிடக்கு."

"அப்ப கணக்கு வழக்கும் ஒருத்தரும் காட்டியிருக்க மாட்டினம்" என்றார் அவர்.

அந்தப் புல்வெளியிலிருந்தே ஒரு விருந்தாளி வந்து இறங்கினார். எண்பது வயதைத் தாண்டியவர், தனி ஆள். அவருடைய முன்னோர் கப்பலேறியது எங்கள் கார் நிறுத்துமிடத்துப் பண்ணையிலிருந்து. மேல்தளத்துக்காரர் அவரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். மனதுக்குள் நான் அவருக்குப் புல்வெளி அம்மா என்று பெயர் வைத்துக்கொண்டேன். அவர் பேசிய நோர்வேஜிய மொழி இங்கே எப்போதோ வழக்கொழிந்த பழைய பேச்சு. என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரியாதை. நீ கதைக்கிற தமிழைக் கேட்டும் நாளைக்கு ஆரும் இப்பிடித்தான் சிரிக்கப்போகினம்" என்றேன்.

அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. விமானத்தில்கூட மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். உள்ளே கோப்பி கொதிக்கவைக்கும் பெரிய செப்புக் கேத்தில் ஒன்று. கரி ஏறி, அடுப்படி மூலையில் கிடந்து மறந்துபோன சாமான் மாதிரி இருந்தது. ஒரு மாலை மேல்தளத்து வீட்டில் அதை மேசையில் வைத்துக்கொண்டு கதை சொன்னார்.

அங்கே வீடு கட்ட மரமே இல்லையாம். புல்லோடு சேர்த்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்களாம். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு ஒழுகி மாக்கலவைக்குள் விழும். விறகுக்குப் பதில் முறுக்கிய புல்லும் காய்ந்த சாணமும். வறட்டி என்று ஒன்று எங்கள் ஊரிலும் உண்டு என்று நான் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பனிப்புயலில் வழி தவறாமல் இருக்க வீட்டிலிருந்து தொழுவத்துக்குக் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு போவார்களாம். ஒரு வருடம் வெட்டுக்கிளி வந்து கொடியில் காய்ந்த துணியைக்கூட விட்டுவைக்கவில்லையாம். அந்தப் பெண்களை நினைத்துப் பார்த்தேன். பேறுகாலத்தில் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பவே அரைநாள் ஆகும் இடத்தில் அவர்கள் ஒரு ஊரை உண்டாக்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்காதே. "அந்த நிலம் முதலில் யாருடையது?" என்று கேட்டேன். மேல்தளத்துக்காரர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். புல்வெளி அம்மா முகம் மாறவில்லை. "வேறு மனிதர்களுடையது. அவர்களைத் துரத்திவிட்ட பிறகுதான் எங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் தேடித் தெரிந்துகொண்டேன்" என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

பிறகு கேத்திலுக்கு வந்தார். அது அங்கே யாருக்கும் சொந்தமில்லையாம். ஒரு வீட்டில் பிறப்போ சாவோ நடந்தால், வீடு தீப்பிடித்தால், கேத்தில் அங்கே போகும். வெறுமையாகப் போகக்கூடாது, கோப்பி நிறைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். யாரும் அதைக் கேட்டு ஆள் அனுப்பவும் கூடாது. எந்த வீட்டில் கேத்தில் இருக்கிறதோ அந்த வீட்டுப் பெண் காதைத் தீட்டிக்கொண்டிருந்து, சேதி எட்டியதும் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். அதன்பின் அடுத்த சேதி வரும்வரை கேத்தில் அந்தப் புது வீட்டில் இருக்கும். இப்படியே தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரம் முழுக்கச் சுற்றியிருக்கிறது.

"கடைசியாக என் கணவர் இறந்தபோது என் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவளும் போய்விட்டாள். சிறு பண்ணைகளையெல்லாம் பெரிய பண்ணைகள் வாங்கிவிட்டன. தேவாலயத்தையும் பூட்டியாயிற்று. சுற்றிலும் சோளம்தான் நிற்கிறது, வீடு இல்லை. இது என்னிடம் வந்து நின்றுவிட்டது. என்னோடு நின்றுபோகக்கூடாது" என்றார். புறப்பட்ட மண்ணிலாவது அதற்குப் போக ஒரு வீடு கிடைக்குமா என்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

கிடைக்கவில்லை. ஒரு அருங்காட்சியகத்தில் கேட்டதற்கு, இதுபோல் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் குழு பொதுமண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று முடிவு செய்தது. மேல்தளத்துக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. கரியைத் தொடக்கூடாது, அந்தக் கரிதான் வரலாறு என்று ஆளாளுக்குச் சொல்லி வைத்தார். புல்வெளி அம்மா சரியென்று தலையாட்டினார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

கேத்திலைக் காட்சிக்கு வைக்கும் வரலாற்று மாலை நிகழ்ச்சியன்று காலையில் எல்லோரும் சேர்ந்து மண்டபத்தையும் முற்றத்தையும் துப்புரவாக்கினோம். இங்கே டுக்னாட் என்பார்கள், ஊரில் சிரமதானம் என்போமே, அதேதான். அடுத்த கட்டடத்திலிருந்து ஒரு தஞ்சாவூர்ப் பெண்ணும் உதவிக்கு வந்திருந்தாள். கணவனின் கணினி வேலைக்காக வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, வயிற்றில் பிள்ளை. குனிந்து இலை கூட்ட வேண்டாம் என்று அவளை மண்டபத்துச் சமையலறையில் விட்டோம். கேத்திலும் அங்கேதான் இருந்தது. கரியைத் தொடக்கூடாது என்ற சட்டத்தை அவளுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் உள்ளே வந்தபோது கேத்தில் வெயில் பட்ட பொன் நிறத்தில் மேசையில் இருந்தது. மேல்தளத்துக்காரர் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"விசேஷத்துக்கு வைக்கப்போறதுன்னு சொன்னாங்கக்கா. செம்புப் பாத்திரம் இப்படிக் கரி பிடிச்சுக் கெடந்தா நல்லாவா இருக்கும்? புளியும் உப்பும் போட்டுத் தேச்சேன்" என்றாள் அந்தப் பெண். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "தப்புப் பண்ணிட்டேனா?"

"ஒரு நூற்றாண்டைக் கழுவி ஊற்றிவிட்டாள். இனி இதைக் கண்ணாடிக்குள் வைத்து என்ன பயன்?" என்றார் மேல்தளத்துக்காரர். அந்தப் பெண்ணுக்கு மொழி விளங்காவிட்டாலும் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் புல்வெளி அம்மா வந்தார். கேத்திலைப் பார்த்தார். இரண்டு கையாலும் அதைத் தடவினார். அவருடைய தம்பி பிறந்த நாளில் இந்த நிறத்தில் பார்த்ததாம். ஒரு வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் அவருடைய தாய் புளித்த மோரும் மணலும் போட்டுத் தேய்ப்பாராம். பிற்காலத்தில் வந்த பெண்கள்தான் சோம்பலில் கரி ஏறவிட்டார்களாம். "தேய்த்த கேத்தில் பெட்டிக்குள் இருக்காது. கண்ணாடியை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே பூசிய ஈயம் நன்றாக இருந்ததால் அன்று மாலை அதிலேயே கோப்பி வைத்தோம். மேல்தளத்துக்காரர் மட்டும் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, தமிழர் எல்லோரும் சேர்ந்து புளி போட்ட மாதிரி.

அந்த அம்மா ஊர் திரும்பும் நாள் நெருங்கியபோது தஞ்சாவூர்ப் பெண்ணின் அப்பா இறந்துபோனார். விமானம் ஏறக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கைபேசியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலைமுழுகி, ஈரத் தலையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அயலவர்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். ஆனால் அவளுக்கு இங்கே அயல் என்று யார் இருக்கிறார்கள்? நான் இடியப்பம் அவித்துக்கொண்டு போகும் வழியில் மேல்தளத்துக்காரரிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு மணி அடித்தது. வாசலில் மழையில் நனைந்து இரண்டு பேரும் நின்றார்கள். புல்வெளி அம்மாவின் கையில் ஆவி பறக்கும் கேத்தில். படியேறும்போதே இருவருக்கும் வாக்குவாதமாம். மேல்தளத்துக்காரர் சட்டம் பேசியிருக்கிறார், சாவு நடந்தது இந்தியாவில் அல்லவா என்று. அதற்கு அந்த அம்மா, "அழுகிறவள் இருக்கும் வீடுதான் சாவு வீடு" என்றிருக்கிறார். அவர் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் அவளுடைய அப்பாவைப் பற்றிக் கேட்டார். என்ன வேலை, என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பார் என்று. அதுவரை வாய் திறக்காதவள் பேசத் தொடங்கினாள். எழும்பும்போது, "கேத்தில் இனி உன் வீட்டில் இருக்கும். காதைத் திறந்து வைத்துக்கொள்" என்றார்.

விமான நிலைய ரயிலடியில் அவரை வழியனுப்பும்போது நான் கேட்டேவிட்டேன். "இதை இங்கே விட்டுவிட்டுப் போகிறீர்கள். நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால் உங்கள் வீட்டுக்கு யார் கொண்டுவருவது?"

"என் வீட்டில் குடிக்க ஆள் இருக்காது" என்றார் சாதாரணமாக. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

கேத்தில் எங்கள் கட்டடங்களில் சுற்றத் தொடங்கியது. தஞ்சாவூர்ப் பெண்ணுக்கே முதலில் பிள்ளை பிறந்ததால் பெரிய சிக்கல். கேத்தில் இருக்கும் வீட்டுக்கே கேத்தில் எப்படிப் போகும்? மேல்தளத்துக்காரர் யோசித்து, அதை வெளியே எடுத்து, தன் வீட்டில் கோப்பி நிறைத்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்காகச் சண்டை பிடித்த மனிசி இப்போது அதன் சட்டங்களுக்குக் காவல். கீழ்த்தளத்தில் ஒரு சோமாலிக் குடும்பத்தின் சமையலறை தீப்பிடித்தபோது அங்கே போனது. என் மகள் பிள்ளை பெற்று எங்களோடு வந்து தங்கியபோது எங்கள் வீட்டுக்கு வந்தது.

அது எங்களிடம் இருந்த குளிர்காலத்தில் ஒரு நாள், கீழே தபால் பெட்டியடியில் மேல்தளத்துக்காரரைக் கண்டேன். புல்வெளி அம்மா இறந்துவிட்டாராம். அவருடைய ஊருக்குப் பக்கத்து நகரத்துப் பாதிரியார் தொலைபேசியில் சொன்னாராம். அடக்கமும் முடிந்துவிட்டது, பண்ணை வீட்டையும் விற்றாயிற்றாம். விளம்பரத் தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டே இதைச் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நான் வீட்டுக்குள் வந்தேன். கேத்தில் என்னிடம் இருக்கிறது, சேதி என் காதுக்கு வந்துவிட்டது. புளியை ஊறவைத்துத் தேய்த்தேன். தண்ணீர் கொதித்ததும் மல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கோப்பி வைத்தேன். தஞ்சாவூர்ப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நானும் வரேன்கா. நீங்க மேல போங்க" என்றாள்.

கதவைத் திறந்த மேல்தளத்துக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்ததைத்தான் பார்த்தார். "நாங்கள் உறவுக்காரர்கூட இல்லை" என்று ஏதோ சொல்லத் தொடங்கி, முடிக்காமல் கதவு நிலையில் சாய்ந்து அழுதார். அவரை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து ஊற்றிக் கொடுத்தேன். தஞ்சாவூர்ப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அந்த அம்மா எப்படிச் சிரிப்பார் என்று பேசிக்கொண்டிருந்தோம். இருட்டத் தொடங்கியதும் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, கேத்திலை அவருடைய அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்தேன்.