விலக்கிவிடப் போய் வாங்கிய ஏழு தையல்

எங்கள் ஊர் அரிமளம் பக்கம். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கல்லூரியில் தேர்வாகி, ஒரு செமஸ்டர் படிக்க பிரான்சில் ஒரு நகரத்துக்குப் போயிருந்தேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து டிராம் நிறுத்தத்துக்கு வந்தேன். அங்கே இரண்டு பேர் ஒருவரைக் கீழே தள்ளி, முகத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தார்கள். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. யாரும் கிட்டே போகவில்லை. எங்கள் பஸ் ஸ்டாண்டில் அடிதடி என்றால், நாலு பேர் பாய்ந்து அடிக்கிறவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்துவிடுவார்கள். நானும் அப்படியே ஒருவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, "விடுங்கண்ணே, செத்துருவாரு!" என்று தமிழிலேயே கத்தினேன். மற்றவன் பீர் பாட்டிலை என் நெற்றியில் அடித்து உடைத்தான்.

போலீஸ் வந்தபோது, அடித்தவனைக் கட்டிக்கொண்டு ரத்தத்தோடு நின்ற என்னையும் கூட்டாளி என்று நினைத்து விலங்கு மாட்டினார்கள். பயத்தில் ஒரு பிரெஞ்சு வார்த்தைகூட வரவில்லை. வழக்கானால் விசா போகும், படிப்பும் போகும். நல்லவேளை, கீழே கிடந்தவர் உடைந்த பல்லோடு என்னைக் காட்டி, "இவன் இல்லை" என்றார். விலங்கு கழன்றது. ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள்.

வீடியோ காலில் என் நெற்றிக் கட்டைப் பார்த்த அப்பா, "ஒன்னயப் படிக்க அனுப்புனோமா, பஞ்சாயத்துக்கு அனுப்புனோமாடா?" என்று சத்தம் போட்டார். பிறகு மெதுவாக, "அந்தாளு பொழச்சுக்கிட்டாராப்பா?" என்றார்.

"பொழச்சுட்டாருப்பா."

இப்போது எங்கே சண்டையைக் கண்டாலும் எட்ட நின்று முதலில் போலீசுக்குப் போன் செய்கிறேன். அவர்கள் வரும்வரை தொண்டை கிழியக் கத்துகிறேன். சும்மா மட்டும் நிற்பதில்லை.