ரிவர்ஸ் கிளாஸ்

சாப்பாட்டு மேசைக்கு அடியில் டீச்சரின் வலது கால் தரையை அழுத்தி மிதிக்கிறது. எதிரே வண்டியும் இல்லை, சாலையும் இல்லை. அடுப்படியில் கணவர் தட்டொன்றைக் கைநழுவ விடப்போகிறார், அவ்வளவுதான். ஓட்டுநர் பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை நம்பியே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு, உலகம் முழுவதற்கும் அந்த பிரேக் வேலை செய்யும் என்று நினைப்பு. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் மிதிப்பார். சினிமாவில் கதாநாயகன் படியில் வேகமாக இறங்கினாலும் மிதிப்பார். "தூங்கும்போதும் மிதிக்கறா. என் கணுக்கால்தான் பிரேக்கு," என்பது பூட்டு ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் கணவரின் புகார்.

மாணவிகள் முதுகுக்குப் பின்னால் அவரை 'பிரேக் அக்கா' என்பார்கள். நேரில் டீச்சர். அவரோ, சாவியைத் திருகக்கூடத் தெரியாமல் வந்து நிற்பவளையும் "டிரைவரே" என்றுதான் கூப்பிடுவார். "வாங்க டிரைவரே, கண்ணாடிய சரி பண்ணுங்க. உங்க மூஞ்சிய வீட்ல பாத்துக்கலாம். இது பின்னாடி வர்றவன் மூஞ்சிக்கு."

ஆள் கறார். வண்டி கைக்கு வராதவளைத் தேர்வுக்கு அனுப்பமாட்டார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி முதலாளியே வந்து, "நமக்கு வேண்டப்பட்டவங்க, பாத்துச் செய்யுங்க," என்று குழைந்தாலும், "சாலைக்கு வேண்டப்பட்டவங்களா இருக்கணும் சார்," என்று முடித்துவிடுவார். பொய் அவருக்குத் தொண்டையில் முள்.

அப்படிப்பட்டவர் வியாழக்கிழமைதோறும் ஒரு பொய்யின் நிழலில் நின்றார்.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணால் வந்தது அது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவளுடைய தோள் இரண்டும் காது வரை ஏறிவிடும். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி துள்ளி நின்றுபோகும். பின்னால் ஹாரன் கத்த, இவள் கண்ணீர் விடுவாள். கேட்டால், நாளெல்லாம் புன்னகைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி புன்னகைக்க வேண்டியிருக்கிறது என்றும், இரவில் கண் மூடுவதில்லை என்றும் சொன்னாள். டீச்சர் வண்டியை ஒரு காலி மைதானத்தில் நிறுத்தச் சொன்னார். ரேடியோவைச் சத்தமாக வைத்தார். "எறங்குங்க டிரைவரே. கிளட்ச்ங்கறது வேற ஒண்ணுமில்ல, ஒரு கால் கனத்த இன்னொரு காலுக்கு மெதுவா மாத்தறது. கையக் குடுங்க." இருவரும் காரைச் சுற்றி ஒரு பாட்டு முழுக்க ஆடினார்கள். திரும்ப ஏறியபோது தோள் தோளின் இடத்தில் இருந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

அடுத்த வாரம் இன்னொரு மாணவியான மருந்துக்கடைக்காரம்மா சேர்ந்துகொண்டார். "என்கிட்ட தூக்க மாத்திரை கேட்டு வர்றதுல பாதி நம்ம கிளாஸ் ஆளுங்கதான். கூட்டிட்டு வரட்டா?" என்று கேட்டுக் கூட்டியும் வந்தார். மழை பிடித்ததும் பள்ளியின் மாடி அறைக்கு ஜாகை மாறியது. சாலை விதி வகுப்பு நடக்கும் அறை. சுவரெல்லாம் சிவப்பு வட்டங்கள், முக்கோணங்கள். நாற்காலிகளை ஓரம் தள்ளி, ஜன்னலுக்குப் பழைய போர்வை கட்டினால் நடன அரங்கு தயார். ஜோடி ஜோடியாக ஆட வேண்டும். யாரும் யாரையும் படம் எடுக்கக் கூடாது. அசதியானால் "நியூட்ரல்" என்று சொல்லிவிட்டு உட்காரலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். திரும்பும் முன் ஜோடியின் விரலை லேசாக அழுத்த வேண்டும். டீச்சர் அதைச் சிக்னல் என்பார். "சொல்லாம திரும்பாதீங்க. ரோட்ல திட்டுவாங்க, இங்க மூக்கு உடையும்."

மாடி அறையில் முதல் நாள் கற்றுக்கொடுத்தது பின்னால் எடுத்து வைக்கும் அடி. அது முடிந்ததும்தான் அந்தப் பேச்சு வந்தது: வீட்டில் என்னவென்று சொல்வது?

"டான்ஸுன்னா எங்க வீட்ல சிரிச்சே கொன்னுடுவாங்க," என்றாள் ஒருத்தி.

"எங்க வீட்ல சிரிக்கமாட்டாங்க," என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

"ரிவர்ஸ் கிளாஸுன்னு சொல்லுங்களேன். பின்னாடிதானே போறோம்!" என்றார் மருந்துக்கடைக்காரம்மா. கொல்லென்று சிரித்தார்கள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. டீச்சர் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. கணவரிடம் மட்டும் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னார்: "ஒரு வீட்ல தெரிஞ்சாப் போதும். ரிவர்ஸ் பொய்னா காரும் பொய்தான்னு சாவியப் புடுங்கிடுவாங்க. அப்புறம் எல்லா வீட்லயும் கதவச் சாத்திடுவாங்க. அந்தப் பல் ஆஸ்பத்திரிப் பொண்ணு மறுபடி ராத்திரி பூரா சுவத்தப் பாத்துக் கிடப்பா."

ஒரு வீட்டுக்குத் தெரியத்தான் செய்தது.

ஒரு வியாழக்கிழமை பாட்டு உச்சத்தில் இருக்கும்போது கதவு திறந்தது. காய்கறிப் பையோடு வயதான ஓர் அம்மா, மூச்சிரைக்க நின்றார். வரவேற்பு மேசைப் பெண்ணின் மாமியார். மருமகள் மருந்துக்கடைக்காரம்மாவின் தோளில் வைத்த கையை எடுக்கக்கூட மறந்து போய் நின்றாள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

"இங்க டீச்சரு யாரு?"

"நான்தாம்மா."

"நல்லாயிருக்கு. உங்ககிட்ட நியாயம் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். எத்தனை மாசமா ரிவர்ஸே ஓட்டறா இவ! முன்னாடி எப்பத்தான் போவா? அப்படி மக்கா எங்க வீட்டுப் பொண்ணு? இல்ல உங்களுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலையா?" பேசிக்கொண்டே வந்தவர், ஓரம் தள்ளிய நாற்காலிகளையும் ஜன்னல் போர்வையையும் அப்போதுதான் பார்த்தார். குரல் இறங்கியது. "ஏம்மா, கார் எங்க?"

மருந்துக்கடைக்காரம்மா முந்திக்கொண்டார். "அது வந்துங்க, கார் சர்வீசுக்கு…"

"நீங்க இருங்க," என்றார் டீச்சர். அறையில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். மருமகளின் தோள்கள் காது வரை போய்விட்டிருந்தன.

"கார் கீழ நிக்குது. சர்வீசுக்கெல்லாம் போகல. இது டான்ஸும்மா. வியாழக்கிழமை இதுதான். ரிவர்ஸுன்னு பேர் வச்சது தப்பு. நான் அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருக்கணும்."

"டான்ஸா?"

"ஆமா. நாங்க மட்டும்தான். பாட்டு முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுவோம்."

மாமியார் பையைக் கீழே வைத்தார். மருமகளைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை காலைல இவ பாடறா," என்றார் மெல்ல, டீச்சரிடம். "பல்லு தேய்ச்சுக்கிட்டே. வாரத்துல அந்த ஒரு நாள்தான். என் பையன் காதுல விழாது, அவன் தூங்கிட்டிருப்பான். எனக்கு விழும். ரிவர்ஸ் போறதுல அப்படி என்ன பாட்டு வந்துடும்னு எனக்குப் புரியல. வேற ஏதோன்னு நெனச்சு பயந்துட்டேன். என்னென்னவோ நெனச்சேன்."

"அத்தை…" என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரு. என்கிட்ட சொன்னா உன் தலையச் சீவிடுவேனா?" என்று அதட்டிவிட்டு, மாமியார் மறுபடி டீச்சர் பக்கம் திரும்பினார். "சரி, ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லுங்க. நெசமாவே இவளுக்கு ரிவர்ஸ் வருதா?"

"சுத்தமா வரல," என்றார் டீச்சர்.

சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முதலில் வெடித்தவர் மருந்துக்கடைக்காரம்மா. மருமகளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அப்ப என் பையன் கேட்டா அதையே சொல்லிக்கறேன்," என்றார் மாமியார். "அது உண்மைதானே? மிச்சத்த அவளே ஒருநாள் சொல்லட்டும்."

டீச்சர் யோசித்தார். முழு உண்மை இல்லைதான். ஆனால் அந்த வீட்டுக் கணக்கை அந்த வீட்டார் தீர்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. தலையசைத்தார். பாட்டு மறுபடி தொடங்கியது. ஜோடிகள் சேர்ந்தன. மாமியார் பையை எடுக்கவில்லை, உட்காரவும் இல்லை. போகிறவர் மாதிரியும் இருப்பவர் மாதிரியும் கதவோரம் நின்றார்.

டீச்சர் அவருக்கு எதிரே போய் நின்றார். இத்தனை நேரம் முதுகுப்பக்கம் மடக்கி வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்து, வியர்த்திருந்த உள்ளங்கையைக் கால்சட்டையில் இரண்டு தடவை அழுத்தித் துடைத்துவிட்டு, நீட்டினார்.